மங்கை எந்த போல்டர்

உ
சிவமயம்

ஆடி 1, புதன்

சபாபதி பெங்களூரிலிருந்து போன் செய்தான். வீட்டுக் கம்ப்யூட்டரில் இடம் நிறைந்துவிட்டதாம். "எல்லாப் படத்தையும் போல்டர் போட்டு அடுக்கிருங்கம்மா. புது டிவி வந்ததும் அதுல ஓடவிடலாம். அவங்க வீட்டுலேர்ந்து வரும்போது பாக்க நல்லாருக்கும்" என்றான். அவங்க என்றால் அவனுக்குப் பேசியிருக்கும் பெண்ணின் வீட்டார். ஆவணி ஆறாம் தேதி பாளையங்கோட்டைக்கு நம் வீடு பார்க்க வருகிறார்கள்.

என் வீட்டுக்காரர் பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்: "அடுக்குதது இருக்கட்டும். அவ படம் ஒண்ணுகூட அதுல இருக்கப்பிடாது. ஆவணி பொறக்கதுக்குள்ள எல்லாத்தையும் அழிச்சிரு."

சரி என்றேன்.

எண்ணினேன். ஆரம்ப இருப்பு 9,847 படங்கள். போல்டர்களின் பெயர்கள்: நியூ போல்டர், நியூ போல்டர் 2, அப்படியே 31 வரை. எல்லாம் சபாபதி படிக்கிற காலத்தில் போட்டது. பலசரக்கு டப்பா எல்லாவற்றிலும் "டப்பா" என்று எழுதி ஒட்டியதுபோல் இருக்கிறது.

ஆடி 2, வியாழன்

குளித்து, விளக்கேற்றி, ஒன்பது மணிக்கு உட்கார்ந்தேன். முதலில் பிள்ளையாருக்கு ஒரு போல்டர் போட்டேன். பெயர்களை எழுத்து வரிசையில் அடுக்குவதால் கம்ப்யூட்டர் அவரைக் கீழே கொண்டுபோய் வைத்துவிட்டது. "அத்தை வீட்டு விசேஷம்" முதலில் நிற்கிறது. பெயருக்கு முன்னால் இரண்டு பூஜ்யம் போட்டேன். இப்போது பிள்ளையார் முதலில் இருக்கிறார். இதை யாரும் சொல்லித் தரவில்லை.

பழைய கேமராவில் தேதி வைக்கத் தெரியாமல் விட்டதால் 1,300 சொச்சம் படங்களில் 2000 ஜனவரி 1 என்று இருக்கிறது. அத்தனை கல்யாணமும் ஒரே நாளில் நடந்திருக்கிறது. ஞாபகத்தை வைத்துத்தான் பிரிக்க வேண்டும்.

ஒரே படம் இரண்டு மூன்று முறை இருந்தவற்றில் 212 அழித்தேன். கட்டைவிரல் மட்டும் விழுந்த படங்கள் 19. கட்டைவிரல் அவருடையது.

ஆடி 3, வெள்ளி

வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்து எதையும் வெளியே போடுவதில்லை. அழிக்கவில்லை.

ஆடி 5, ஞாயிறு

ஒரு சிக்கல். சாமி படம் பூஜை அறையில், தவறிப்போனவர்கள் படம் ஹால் சுவரில், உயிரோடு இருப்பவர்கள் படம் ஷோகேசில் என்பதுதான் இந்த வீட்டு வழக்கம். ஒன்றோடொன்று சேர்த்து வைப்பதில்லை. கம்ப்யூட்டரில் மட்டும் எப்படிச் சேர்த்து வைப்பது? ஆகவே "வீடு" என்று ஒரு போல்டர். "சிவபதம் அடைந்தவர்கள்" என்று ஒரு போல்டர்.

ஆனால் மாமனார் நடுவில் உட்கார்ந்து சுற்றி நாங்கள் நிற்கும் படத்தை எங்கே வைப்பது? காப்பி எடுத்து, ஒன்றில் மாமனாரை மட்டும் வெட்டிச் சிவபதத்தில் வைத்தேன். மற்றதில் மாமனாரை வெட்டினேன். நடுவில் நாற்காலியின் கை தெரிகிறது.

சபாபதிக்குப் போன் போட்டேன். "அம்மா, அப்படிப் பாத்தா ஒரு குரூப் போட்டோவும் மிஞ்சாது. ஃபைல் என்ன சுடுகாடா?" என்றான்.

"நீ சாப்பிட்டியா?" என்றேன்.

மூன்று நாள் சுத்தம் செய்ததில் படங்கள் 240 கூடியிருக்கின்றன.

ஆடி 7, செவ்வாய்

ராகு காலத்தில் துர்க்கைக்கு எலுமிச்சை விளக்கு. மூன்றிலிருந்து நாலரை வரை கோவிலில் இருந்தேன். இது ஒன்பது வருடமாக உள்ள வழக்கம். பிரகாரத்தில் நல்ல காற்று.

கோவிலில் கேள்விப்பட்டது: ஓசூரில் மூன்று நாளாக மழையாம். துணி காயவில்லையாம்.

செவ்வாய் என்பதால் அழிக்கவில்லை.

ஆடி 9, வியாழன்

இன்று மங்கை படங்களை மட்டும் எண்ணினேன். மொத்தம் 612. தனியாக 138. மற்றவர்களோடு 474. அந்த 474-இல் அவரோடு இருப்பது 203. தனியாக உள்ள 138-ஐயும் எடுத்தது அவர்தான். ஓரத்தில் கட்டைவிரல் இருக்கிறது.

எழுதி வைக்க வேண்டியதை எழுதி வைக்கிறேன். மங்கையர்க்கரசி எங்கள் மூத்த மகள். சபாபதிக்கு நான்கு வயது மூத்தவள். 2015 வைகாசியில் ஓசூரில் கூட வேலை பார்த்த பையனை, நம் சாதி இல்லாத பையனை, ரிஜிஸ்தர் கல்யாணம் செய்துகொண்டாள். போனில் சொன்னாள். அவர் போனை வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய், இறந்த வீட்டுக்குப் போய்வந்தால் குளிப்பதுபோல, இரண்டு வாளி தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டார். "எனக்கு மக இல்ல. தலைமுழுகியாச்சு" என்றார். மோட்டார் போட்டு வாளியை நிரப்பிக் கொடுத்தது நான். துண்டு எடுத்துக் கொடுத்ததும் நான்.

அவர் பத்திரப்பதிவு ஆபீசில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவர். ஒரு தடவை பதிந்துவிட்டால் திருத்த மாட்டார்.

612-ஐயும் ஒரே சமயத்தில் தேர்ந்தெடுத்துப் பார்த்தேன். எல்லாம் நீல நிறமாயின. அடுப்பில் குழம்பு கொதித்ததால் எழுந்துவிட்டேன்.

ஆடி 12, ஞாயிறு

"அழிச்சாச்சா?" என்று கேட்டார்.

"இன்னைக்கு அஷ்டமி."

"நாளைக்கு?"

"நவமி."

"கம்ப்யூட்டருக்கு என்னட்டி அஷ்டமி நவமி? கரண்ட்டுல ஓடுது."

"கரண்ட்டுலதான் ஓடுது. அழிக்கது என் கைலா?"

"செவ்வாய் வெள்ளி கிடையாது, அஷ்டமி நவமி கிடையாது, வெளக்கு வச்ச பொறவு கிடையாது. நான் ஆபீஸ்ல இப்படி வேல பாத்திருந்தா ஊருல ஒருத்தனுக்கும் பத்திரம் கைக்குப் போயிருக்காது."

அவரே கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். மவுசை ரிமோட்டைப் பிடிப்பதுபோல் தூக்கிப் பிடித்தார். மங்கை பாவாடை சட்டையில் மாவாட்டுகிற படம் திறந்துவிட்டது. அதை மூடத் தெரியவில்லை. "இது என்னட்டி, போகமாட்டேங்கு" என்றார். நானும் கைவேலையாக இருந்தேன். பத்து நிமிடம் அந்தப் படம் அப்படியே இருந்தது. பிறகு பேப்பர் படிக்கப் போய்விட்டார். பேப்பர் காலையிலேயே படித்ததுதான்.

ஆடி 14, செவ்வாய்

துர்க்கை. ஒன்றரை மணி நேரம். கோவிலில் கேள்விப்பட்டது: ஓசூரில் ஒரு குழந்தைக்கு முன்பல் இரண்டு விழுந்திருக்கிறது. சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்கிறதாம்.

ஆடி 15, புதன்

நல்ல நாள். சாக்கு ஒன்றும் இல்லை.

காலையில் காபி கொடுக்கும்போது நானே கேட்டேன். "ஏங்க, ஒரு சந்தேகம். எல்லாப் படத்தையும் ரெண்டாப் பிரிச்சிருக்கேன். இருக்கவுங்க ஒண்ணு, போனவுங்க ஒண்ணு. மங்கை எதுல வருவா?"

"எதுலயும் வரமாட்டா."

"எதுலயாவது ஒண்ணுலதான வரணும். தலைமுழுகியாச்சுன்னு சொன்னியள்லா. அப்படின்னா அவ போனவுங்க கணக்கா?"

அவர் காபியை ஆற்றினார். ஆறிய காபிதான்.

"ஆமா. போனவதான்."

"போனவுங்க படத்தை அழிக்கிற வழக்கம் நம்ம வீட்டுல கிடையாது. உங்க தம்பி ஏழு வயசுல தவறினவரு, அவரு படத்தைக்கூட உங்க அம்மா பொட்டிக்குள்ள வச்சிருந்தாவ. போனவுங்க படத்தை அழிச்சா பிதுர் சாபம். சபாபதி கல்யாணம் நடக்கிற நேரம்."

"என்னத்தையும் செய்யி. என் கண்ணுல படாம செய்யி."

சரி என்றேன்.

மங்கை படங்கள் 612-ஐயும் சிவபதம் அடைந்தவர்கள் போல்டருக்கு மாற்றினேன். கம்ப்யூட்டர் இரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டது. எனக்கு அதைவிட அதிக நேரம் ஆனது.

அழித்தது: இல்லை.

ஆடி 17, வெள்ளி

ஞாயிற்றுக்கிழமை ஆடி அமாவாசை. குறுக்குத்துறையில் தர்ப்பணம் கொடுக்க வருடா வருடம் பெயர்ப் பட்டியல் எழுதிக் கொடுப்பது என் வேலை. இதுவரை ஞாபகத்திலிருந்து ஏழு பெயர் எழுதுவேன். இந்த வருடம் போல்டர் இருக்கிறது. திறந்து பார்த்தால், இவ்வளவு காலமாக மூன்று பேர் விட்டுப்போயிருக்கிறார்கள். அவர் தம்பி, திருச்செந்தூர்ச் சித்தப்பா, செல்லம்மாள் அத்தை. அத்தைக்குத் தண்ணீர்த் தாகம் அதிகம். பாவம்.

இறந்த தேதி வரிசையில் எழுதினேன். பத்துப் பேர் ஆயிற்று. போல்டரில் இருப்பவர்கள் பதினொரு பேர்.

பதினோராம் பெயர் எழுதும்போது பேனா மை வரவில்லை. வேறு பேனா எடுத்தேன். அதுவும் முதலில் வரவில்லை. மற்றவர்களுக்கெல்லாம் பக்கத்தில் உறவு எழுதினேன். இதற்கு எழுதவில்லை. இடமில்லை. தேதி மட்டும் எழுதினேன்: 2015 வைகாசி.

ஆடி 18, சனி

பெருக்கு. தேங்காய்ச் சாதம், புளியோதரை, எலுமிச்சைச் சாதம்.

மங்கை ஜாதகத்தை எடுத்துப் பார்த்தேன். ஆயுள் தீர்க்கம் என்று எழுதியிருக்கிறது. முன்பே தெரியும். இருந்தாலும் பார்த்தேன். மாலையில் சிவன் கோவிலில் மங்கையர்க்கரசி, உத்திர நட்சத்திரம் என்று ஆயுள் விருத்திக்கு அர்ச்சனை. நூற்றெட்டுச் சுற்றுச் சுற்றினேன். முட்டி வலி.

சுவாமியிடம் சொல்லிவிட்டேன். நாளை நடப்பதில் தவறு இருந்தால் என் கணக்கில் வைத்துக்கொள்ளட்டும்.

ஆடி 19, ஞாயிறு. அமாவாசை

ஐந்தரைக்கு ஆட்டோவில் குறுக்குத்துறை. ஆற்றில் இடுப்பளவு தண்ணீர். நல்ல கூட்டம். நான் படியில் உட்கார்ந்து செருப்பு, மூக்குக்கண்ணாடி, மாற்று வேட்டி பார்த்துக்கொண்டேன். அவர் தண்ணீரில் இறங்கி எள்ளை வாங்கிக்கொண்டு நின்றார். கண்ணாடி இல்லாமல் அவருக்கு எழுத்துத் தெரியாது. சீட்டை ஐயரிடம் கொடுத்தார். ஐயர் ஒவ்வொரு பெயராக வாசிக்க, இவர் திருப்பிச் சொல்லி எள்ளும் தண்ணீரும் விட்டார். தம்பி பெயர் வந்தபோது என் பக்கம் திரும்பிப் பார்த்தார். சந்தோஷம்போல் இருந்தது.

"செல்லம்மாள், அத்தை. சொல்லும். ஆச்சு. அடுத்தது மங்கையர்க்கரசி. உறவு போடலையே ஓய். யாரு இது?"

அவர் கை நீட்டியபடி நின்றார். உள்ளங்கையில் எள் இருந்தது.

"யாரு ஓய்? அம்மாவழியா அப்பாவழியா?"

"மக" என்றார்.

"அடடா." ஐயர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சின்ன வயசா? எப்படித் தவறித்து?"

"தவறல."

"தவறாதவாளுக்கு யாராவது எள்ளு விடுவாளா ஓய்? தேதியெல்லாம் போட்டிருக்கு. நான் மந்திரத்தை ஆரம்பிச்சுட்டேன். பின்னாடி நாப்பது பேர் நிக்கறா பாரும்."

பின்னால் நின்றவர் ஒருவர், "சீக்கிரம் விடும் வே, தண்ணி வெறைக்கி" என்றார்.

என் வீட்டுக்காரர் அவரைப் பார்த்துத் திரும்பி நின்று சத்தமாகச் சொன்னார்: "எம் மக உசுரோட இருக்கா வே! குத்துக்கல்லு மாதிரி இருக்கா! யாருக்கு எள்ளு விடச் சொல்லுதீரு?"

படித்துறையில் இருந்தவர்களெல்லாம் பார்த்தார்கள். நான் செருப்பைப் பார்த்தேன்.

"இருக்கட்டும், நன்னா இருக்கட்டும். அந்தப் பேரை அடிச்சுடும்" என்றார் ஐயர்.

"பேனா?"

"ஆத்துக்குள்ள பேனாவுக்கு எங்கே போறது ஓய்?"

அவர் கையிலிருந்த எள்ளை ஐயரின் தட்டிலேயே திருப்பிக் கொட்டினார். சீட்டை வாங்கி, கடைசி வரியை மட்டும் கிழித்தார். எல்லோரும் சீட்டை ஆற்றில்தான் விடுவார்கள். பத்துப் பெயர் இருந்த மேல்பாதியை ஆற்றில் விட்டார். கடைசி வரியை விடவில்லை. மடியில் செருகிக்கொண்டு கரையேறினார்.

ஆட்டோவில் முருகன்குறிச்சி தாண்டினோம். பிறகு, "வேணும்னே எழுதுனியா?" என்றார்.

"போல்டர்ல இருந்தத எழுதினேன்."

"உசுரோட இருக்க பிள்ளைக்கு எள்ளத் தூக்கி என் கையில குடுத்துட்டியேட்டி."

"விடலைல்லா."

"விட்டிருந்தா?"

எனக்கும் தெரியாது. ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தார்.

வீட்டில் பத்து இலை போட்டுப் படைத்தேன். அவர் வந்து இலைகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துவிட்டுக் கும்பிட்டார்.

வேட்டியை அலசும்போது மடியில் அந்தச் சீட்டுத் துண்டு இருந்தது. மை கரைந்துவிட்டது.

ஆடி 20, திங்கள்

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"எங்க வச்சிருக்க அவள?"

"சிவபதத்துல. நீங்க சொன்ன எடம்."

"எடு அதுலேர்ந்து."

"எடுத்து எங்க வைக்க?"

வாசலில் கீரைக்காரி கூப்பிட்டாள். நான் எழுந்திருக்கவில்லை.

"நாம எதுல இருக்கோமோ அதுல" என்றார்.

612 படங்களையும் "வீடு" போல்டருக்கு மாற்றினேன். மாற்றி முடியும்வரை ஸ்கிரீனில் ஒரு பச்சைக் கோடு நகரும். கோடு முழுதாகும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆடி 21, செவ்வாய்

துர்க்கைக்குக் கிளம்பும்போது எலுமிச்சம்பழத்தைக் கூடையில் வைத்தேன். அவர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், "போன்ல சார்ஜ் இருக்கா பாத்துக்கோ" என்றார்.

நான் நின்றுவிட்டேன்.

"ஒம்பது வருசமாச் செவ்வாக்கிழம மட்டும் காலையிலயே சார்ஜுல போடுதே. துர்க்கைக்கா போன் பண்ணுதே?"

"தெரிஞ்சா ஏன் கேக்கல?"

"கேட்டா நீ நிப்பாட்டிருவ."

கோவிலிலிருந்து வந்ததும் போனைக் கம்ப்யூட்டரில் சொருகினேன். போனில் மங்கை அனுப்பியவை 388 இருந்தன. இந்த நோட்டில் இதுவரை கணக்கில் கொண்டுவராதவை. இன்று கொண்டுவருகிறேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். மாப்பிள்ளை படங்களை வேகமாகத் தள்ளச் சொன்னார். அவற்றில் ஒன்றில் மட்டும், "மெலிஞ்ச ஆளா இருக்காரு" என்றார்.

"இது?"

"பேத்தி. யாழினி. ஒண்ணாங் கிளாஸ்."

"பல்லு எங்க?"

"விழுந்திருச்சு. மேல்பல்லு."

"கூரைமேல போடச் சொன்னியா?"

"அபார்ட்மெண்ட்டுல கூரைக்கு எங்க போக? மாடியில தண்ணித் தொட்டி மேல போட்டாளாம்."

"அது போதாது" என்றார். கொஞ்சநேரம் கழித்து, "எறங்கி வரும்போது வழுக்கும் அந்த எடம். சொல்லி வையி" என்றார்.

ஆடி 24, வெள்ளி

மூன்று நாளாக இரண்டு பேரும் உட்கார்ந்து தேதி இல்லாத படங்களுக்கு வருடம் போடுகிறோம். அவர் மவுசை மேசையிலேயே வைத்து நகர்த்தக் கற்றுக்கொண்டார். அவருடைய ஞாபகம் எல்லாம் ஆபீஸ் கணக்கில் இருக்கிறது. எந்தச் சார்பதிவாளர் இருந்த காலம் என்று முதலில் யோசித்து, அதிலிருந்து குற்றாலம் போன வருடத்தைக் கண்டுபிடிக்கிறார்.

"பொண்ணு வீட்டுக்காரங்க வரும்போது இதெல்லாம் டிவியில ஓடுமே" என்றேன். தெரிந்துகொள்ள வேண்டும் அல்லவா.

"ஓடட்டும். யாருன்னு கேட்டா நான் சொல்லுதேன். கேட்டுட்டு எந்திரிச்சுப் போறவங்க வீட்டுல நமக்கு என்ன சம்பந்தம்?"

சபாபதியிடம் இதைச் சொன்னேன். "அம்மா, அப்பாகிட்டப் போனைக் குடுங்க" என்றான். "அப்பாவுக்குக் கைவேலை" என்றேன். உண்மைதான்.

பதினொரு மணிக்கு ஒரு படத்தில் தகராறு. மங்கை ஸ்கூட்டியில் உட்கார்ந்திருக்கிறாள். முட்டியில் கட்டு. சிரிக்கிறாள். அவர் ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது விழுந்தது. காலேஜ் சேர்ந்த பிறகு என்றார் அவர். பிளஸ் டூ பரீட்சைக்கு முன்னால் என்றேன் நான்.

"ஸ்கூட்டி வாங்குனது நான். எனக்குத் தெரியாதா?"

"கட்டுப் போட்டது நான். எனக்குத் தெரியாதா?"

அந்த ஒரு படத்திலேயே முக்கால் மணி நேரம் போயிற்று. மவுசை விட்டுவிட்டு, "அவகிட்டக் கேளு" என்றார்.

"நீங்களே கேளுங்க."

"நம்பரைப் போடு."

போட்டேன். அந்தப் பக்கம் எடுத்ததும், "அம்மா, என்னம்மா? என்ன ஆச்சு?" என்றாள். செவ்வாய்க்கிழமை அல்லாத நாளில் போன் வந்தால் பயம் இருக்கும். நான் போனை அவரிடம் கொடுத்தேன்.

அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு ஸ்கிரீனையே பார்த்தார். தொண்டையைச் செருமினார். பிறகு, நேற்றுத்தான் பேசிவிட்டு வைத்தவர்போல் கேட்டார்:

"ஏட்டி மங்கை, நீ ஸ்கூட்டியிலேர்ந்து விழுந்தியே, அது பிளஸ் டூ பரிச்சைக்கு முன்னயா பின்னயா?"

அவர் போனை வைக்கவில்லை. இடது கையால் மேசையில் இருந்த தூசியைத் துடைத்தார். தூசி இல்லை. அதற்குப் பிறகு "ம்" என்றார். இன்னொரு முறை "ம்" என்றார். "ம், கேக்கு" என்றார்.

என் பக்கம் திரும்பினார்.

"முன்னயாம். பொங்கலுக்கு மறுநாளாம். அழுதுகிட்டே சொல்லுதா. ரெண்டாயிரத்தெட்டுன்னு போடு."

போட்டேன்.